வியாழக்கிழமை வேனும் என் வயிற்றெரிச்சலும்

சுனாமிக்கு அடுத்த வருஷம், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்துக்கு உதவ வந்தவர்கள் எல்லாரும் ஆண்களைத்தான் தேடினார்கள். படகு வேண்டுமா, வலை வேண்டுமா என்று கேட்டார்கள். படகு இன்ஜின் மெக்கானிக்கான எனக்கு அந்தக் கவனிப்பு ரொம்பவே பிடித்திருந்தது. கடைசியாக ஒரு அறக்கட்டளையின் வைத்திய வேன் வந்தது. அது பெண்களை மட்டும் கூப்பிட்டது.

என் மனைவி தலையில் கூடை சுமந்து மீன் விற்பவள். வியாழக்கிழமை ஆனால் சீக்கிரம் திரும்பி, குளித்து, பவுடர் பூசிக்கொண்டு வேனுக்குப் போவாள். என்னோடு சிதம்பரத்துக்குச் சினிமா பார்க்க வந்தபோதுகூட இத்தனை பவுடர் கிடையாது. திரும்பி வந்தால், "நர்சக்கா சொன்னாங்க" என்றுதான் பேச்சே ஆரம்பமாகும். நான் சொன்னதாக எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் மாமன் மகள் விடவில்லை.

"இன்னா மச்சான், எத்தினி மாசம்?"

வரிசையே சிரித்தது. வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்த என் மனைவியிடம், "சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையசைத்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கர்ப்பப்பை கீழ எறங்கியிருக்குண்ணே. ரெண்டாவது பிரசவம் ஆன இருவதாம் நாளே கூடையத் தூக்கியிருக்காங்க. ஆறு வருஷமா இந்த அவஸ்தை. ஆபரேஷன் செலவ நாங்க பாத்துக்குவோம். ஆனா மூணு மாசம் வெயிட்டே தூக்கக் கூடாது. அதுக்குத்தான் மாட்டேங்கறாங்க."

ஆறு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனிடம் சொல்லாததை, மூன்று வாரம் பழகினவரிடம் சொல்லியிருக்கிறாள்! அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ மாமா? இன்ஜினாட்டம் கழட்டி மாட்டுவியா?"

"கூடைய நான் தூக்கறேன்" என்றேன். எங்கள் குப்பத்தில் ஆம்பளை மீன் பிடிப்பான், தெருத்தெருவாகக் கூவி விற்க மாட்டான். நர்சம்மாவின் முன்னால் வீரம் வந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கூடையோடு கிளம்பினேன். நூறடி நடப்பதற்குள் கழுத்து தோளுக்குள் போய்விட்டது. பரங்கிப்பேட்டையில் வீட்டுக்கு வீடு, "அக்கா வரலியா?" என்றுதான் கேட்டார்கள். என் மீனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஒரு வீட்டில் மட்டும் நடந்ததைச் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்த அம்மா வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் அதே தொல்லைதான் தம்பி. அந்த வேன் இந்தத் தெருவுக்கு வருமா?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். படுத்திருந்தவள் முகம் மாறியது.

"பத்து வருஷமா எங்கிட்ட மீன் வாங்குது அந்தம்மா. ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒங்கிட்டயா சொல்லுச்சு?"