ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன அறுபது சதவீதம்

நாலு மணி ஆனால் கீழே பேக்கரியில் மக்ரூன் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும். அந்த முந்திரி வாசனை மாடிப்படி ஏறி எங்கள் கோச்சிங் சென்டருக்குள் நுழையவும், சார் மார்க்கரை எடுத்து போர்டில் இரண்டு வட்டம் போடவும் சரியாக இருக்கும்.

இன்றைக்கும் ஒரு மக்ரூனை வாயில் போட்டால் எனக்கு சதவீதக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. என்ன ஜென்மமோ...

பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் வரிசையில் என் பக்கத்து சீட்டில் பிலோமினா. கீழவைப்பாரில் அவள் அப்பாவுக்கு மீன் பிடிக்க ஒரு வள்ளம் இருந்தது. அவள் மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள்.

எனக்கு அவசரமே இல்லை. பாஸானால் பேங்க், ஆகாவிட்டால் அப்பாவின் பாத்திரக்கடை. அவள் கதை வேறு.

"இந்த ஒரு தடவதான்னு அப்பா சொல்லிட்டாவ. பாஸாவலன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணமாம்" என்றாள் ஒருநாள், ரப்பர் துண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே.

இங்கிலீஷ், ரீசனிங் எல்லாவற்றிலும் அவள் என்னைவிடக் கெட்டி. இந்த வட்டக் கணக்குதான் அவளுக்கு ஆகாது. டீ குடிப்பவர்கள், காபி குடிப்பவர்கள், இரண்டும் குடிப்பவர்கள்... எனக்கோ அது தண்ணி பட்ட பாடு. ஃபார்முலாவை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் ரகசியம்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாடல் டெஸ்ட். அதில் இந்தக் கேள்வி:

ஒரு மீனவக் கிராமத்தில் சனிக்கிழமை 70 சதவீதம் படகுகளும் ஞாயிற்றுக்கிழமை 60 சதவீதம் படகுகளும் கடலுக்குச் சென்றன. 10 சதவீதம் இரு நாளும் செல்லவில்லை. இரு நாளும் சென்றவை எத்தனை சதவீதம்?

பிலோமினா எழுதிய விடை, பூஜ்யம்.

சார் அவளை எழுப்பி நிறுத்தினார். "என்னம்மா இது, எப்படி ஸீரோ வந்துது?"

"ஞாயித்துக்கிழம எவன் சார் கடலுக்குப் போவான்? அன்னைக்கு கோயில்ல பூச. எங்க ஊர்ல ஒரு வள்ளம் எறங்காது."

கிளாஸே சிரித்தது. சார்கூட சிரித்துவிட்டார். எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தது நான்தான். அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்... அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் சித்தி வீட்டுக்குப் போனேன். பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறாளாம்.

"ஏளா, நான் சிரிச்சது தப்புதான். மன்னிச்சிரு."

"நான் சொன்னது மட்டும் தப்பாக்கும்?"

"ஒங்க ஊர்ல தப்பில்ல. பரீட்ச ஒங்க ஊர்ல நடக்கலியே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். "எழுவதும் அறுவதும் நூத்தி முப்பது. ஊர்ல இருக்கதே நூறு வள்ளம்னா, மிச்ச முப்பது எங்கன இருந்துளா வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. "ஃபார்முலால போட்டா நாப்பதுன்னு வந்துரும்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"கோயில் அசனச் சாப்பாட்டுக்கு வேல செய்ய வந்தவங்க பேர நான்தான் எழுதுனேன். காய் வெட்ட பன்னெண்டு பேரு, பரிமாற பத்து பேரு. காலைல இருவத்திரெண்டு இட்லிப் பொட்டலம் சொல்லியாச்சு. பாத்தா அஞ்சு மிச்சம். ஏன் தெரியுமா? அஞ்சு பேரு ரெண்டு வேலையும் பாத்திருக்காவ. எங்க அம்மையவே ரெண்டு தடவ எண்ணிருக்கேன்!"

பென்சிலை எடுத்தாள். நூறில் பத்து வள்ளம் கரையில். மிச்சம் தொண்ணூறு. எண்ணியதோ நூற்று முப்பது.

"அப்ப நாப்பது வள்ளத்த ரெண்டு தடவ எண்ணிருக்கான் மடப்பய!"

சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பை அப்படியே கட்டிலுக்கு அடியில் போனது.

பரீட்சையிலும் வந்தது அந்தக் கணக்கு. தமிழில் 65 சதவீதம் பாஸ், கணக்கில் 55, இரண்டிலும் பெயில் 15. நான் கண்ணை மூடிக்கொண்டு 35 என்று போட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் பிலோமினா கேட்டாள். "அம்பதுதான போட்ட? ஏதாவது ஒண்ணுல மட்டும் பாஸானவங்களத்தான கேட்டிருந்தான்?"

நான் கேள்வியைக் கடைசிவரை படிக்கவே இல்லை.

அந்த ஒரு கணக்கால் மட்டும் நான் பரீட்சையைக் கோட்டை விடவில்லை. ஆனால் அந்த ஒன்றுதான் மனதில் நிற்கிறது. ஈஸ்டர் வந்தபோது அவள் டிரெயினிங்கில் இருந்தாள், நான் பாத்திரக்கடையில் இருந்தேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அதைவிட நிம்மதியாக இருந்தது. என் சிரிப்பால் அந்தப் பிள்ளை பஸ் ஏறிப் போயிருந்தால் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்தான் நடந்திருக்கும்.

இப்போது அவள் எங்கோ வடக்கே ஒரு பிராஞ்சில் மேனேஜர். எங்கள் கோச்சிங் சென்டர் இருந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை. பேக்கரி மட்டும் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் என் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். கிரிக்கெட் 60 சதவீதம், கபடி 50, இரண்டும் ஆடாதவர்கள் 15, இரண்டும் ஆடுபவர்கள் எத்தனை? போனில் போட்டோ எடுத்தால் ஆப் விடையைச் சொல்லிவிடுகிறது. "அது சரி, ஏன்னு சொல்லு" என்றேன். முழித்தாள். அந்தக் காலத்து நான் மாதிரியே...

போட்டோவை பிலோமினாவுக்கு அனுப்பினேன். இட்லிப் பொட்டலத்திலிருந்து ஆரம்பித்து மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் ஒரு வரி தனியாக வந்து விழுந்தது.

"விட இருவத்தஞ்சு. ஆனா ஞாயித்துக்கிழமன்னு கேள்வில இருந்தா, பிள்ளய யோசிக்காம ஸீரோ போடச் சொல்லு. எவ சிரிக்கான்னு பாப்போம்."

கடையில் ஆள் நிற்பதுகூட மறந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.