சபாநாயகர் நாற்காலியில் ஒரு ஓட்டு

முன்னாள் தலைநகரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. அரசாங்கம் வேறு ஊருக்கு மூட்டை கட்டியபோது, தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை ஈ ஓட்டியது. கடையை இழுத்து மூடியதும், மனுவோடு அலைந்தவர்களுக்கு வழி சொல்லிப் பழகிய வாயையே முதலாக்கி வழிகாட்டி ஆனாள். ஆளுநர் மாளிகை, கருவூலம், செயலகம், கடைசியில் பழைய சட்டசபை. கருவூலத்தின் இரும்புக் கதவருகே, "பணம் போயிடுச்சு, பூட்டைப் பத்திரமா வெச்சிருக்கோம்" என்பாள். அதற்குச் சிரிக்காத கூட்டம் குறைவு.

சட்டசபைக்கு அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வந்தவர்களை உறுப்பினர் இருக்கைகளில் அமர்த்தி, சபாநாயகர் நாற்காலியில் தான் ஏறிக்கொண்டு, தலைநகரை மாற்றலாமா என்ற பழைய வாக்கெடுப்பை மறுபடி நடத்துவாள். அன்று மாற்றச் சொன்னவர்கள் ஜெயித்தார்கள். அவளுடைய சபையில் பெரும்பாலும் தோற்பார்கள். வெயிலில் நடந்தே பார்த்த ஊர்மேல் ஒரு பாசம் வந்துவிடும் போலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் பாதிப்பேர் புதிய தலைநகரத்துக்காரர்கள். மீதிக் கூட்டத்தில் அவள் கணவனும் மகளும் இருந்தார்கள். அவன் வரி அலுவலகத்தில் எழுத்தர். மனைவியின் பேச்சைக் கேட்க வந்தது அதுவே முதல் தடவை. புதிய தலைநகருக்குப் பதவி உயர்வோடு அவனுக்கு மாற்றல் வந்திருந்தது. மறுநாள் சம்மதம் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு போய்விடலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அடுப்பைத் துடைப்பாள், துணி மடிப்பாள்; பதில் மட்டும் வராது. தொழிலை விட மனமில்லை. மாட்டேன் என்றால் அவன் உயர்வைத் தட்டிவிட்ட பழி வருமே என்ற பயம் வேறு.

மாற்றலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னாள். கணவனின் கை உயர்ந்தது. வேண்டாம் என்றபோது மகளின் கை. எண்ணினால் சரிக்குச் சரி. அப்படி ஒருநாளும் ஆனதில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு எழப் பார்த்தாள். புதிய தலைநகரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வக்கீல் விடவில்லை. சமமானால் சபாநாயகர் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றார். கூட்டம் மேசையைத் தட்டியது.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"வேண்டாம். நான் இங்கதான் இருப்பேன்."

நல்ல நடிப்பு என்று கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. வெளியே படிக்கட்டில் கூட்டத்தை முன்னே போகவிட்டு அவளருகே நின்றான்.

"விளையாட்டுக்குச் சொன்னியா, நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. நீங்க போங்க, வந்த உயர்வைக் கெடுத்துக்காதீங்க. லீவுக்கு லீவு வந்துடுங்க."

"இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே."

"வீட்ல நீங்க முடிவு பண்ணிட்டுல்ல கேட்டீங்க."

அவன் மகளைப் பார்த்தான். அவள் அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவன் வேகமாக நடந்து வக்கீலை எட்டிப் பிடித்தான். ஒற்றை ஆளுக்கு அங்கே எந்தப் பக்கம் அறை தேடலாம் என்று விசாரித்தான்.