வாட்சுக்கு நான் கொடுத்த சிபாரிசு

கடலில் எனக்கு இருக்கும் ஒரே திறமை வாந்தி. முகத்துவாரம் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதுமே, காலையில் கும்மிடிப்பூண்டியில் தின்ற பொங்கலை மீன்களுக்குப் படைத்துவிடுவேன். அதற்கப்புறம்தான் மீன் கடிக்கும் என்று எங்கள் படகுக்காரர் சொல்வார். என்னை அதற்காகவே அழைத்துப் போனாரோ என்னவோ.

தை பிறந்து கடல் அடங்கினால், சித்திரையில் தடைக்காலம் வரும்வரை, லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் பழவேற்காட்டில் அவருடைய ஃபைபர் படகை வாடகைக்கு எடுப்போம். நானும், கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷினில் நிற்கும் நண்பனும். வலை கிடையாது, தூண்டில்தான். கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு, அவர்கள் பேச்சில் பார். களவாவும் சங்கராவும் அங்கே குடியிருந்தன. அவருடைய அப்பா கண்டுபிடித்த பார் அது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எதற்கு நேராக வரும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வேறு படகு கண்ணில் பட்டால், எதையோ தொலைத்தவர் மாதிரி சும்மா சுற்றுவார். வலையில் ஒன்றும் விழாத மாதங்களில் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பாரால்தான்.

அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். படகில் ஏறுமுன் எங்கள் போன்கள் அவர் மனைவியின் அரிசி டிரம்முக்குள் போய்விட வேண்டும். போன் இடத்தைக் குறித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வந்து எடுத்தால், என் போனில் சார்ஜ் போடுகிற ஓட்டையில் குருணை அடைத்திருக்கும்.

போன வருஷம் நண்பன் கையில் ஒரு புது வாட்ச். படகுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னாபா, போன் மாதிரி மினுக்குது?"

நண்பன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். அதுதானே என் பிழைப்பு.

"ண்ணா, அவனுக்கு சுகரு. எவ்ளோ தூரம் நடந்தான்னு பாக்கறதுக்கு அவன் பொண்டாட்டி கட்டி உட்ட மணி அது. மாட்டுக்குக் கட்டுவாங்கள்ல, அந்த மாதிரி."

அவர் மனைவி சிரித்தார். அவரும் சிரித்து, ஏறச் சொன்னார். நண்பனும் சிரித்தான், கொஞ்சம் லேட்டாக. பார் மேலே படகு நின்றபோது அவன் வாட்சை ஒருமுறை அழுத்தியதைப் பார்த்தேன். தண்ணி மேலேயும் நடக்கிறியா மச்சான் என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன்.

இந்த வருஷம் அவன் வரவில்லை. முட்டி வலி என்றான். பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவன் முட்டிக்காக ஒரு தைலம் வேறு வாங்கி வந்து கொடுத்தேன். தனியாகவே கிளம்பினேன்.

பார் மேலே ஏற்கெனவே மூன்று படகுகள் நின்றிருந்தன. ஒன்றில், விலை உயர்ந்த தூண்டில்களோடு எங்கள் கம்பெனி ஆபீசர்கள் நாலு பேர். நடுவே அதே முட்டிகளில் நிமிர்ந்து நின்று, கணவாத் துண்டைக் கொக்கியில் எப்படிக் குத்துவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான் என் நண்பன். அவனைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷமாகக் கையை ஆட்டினேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகுதான், போன வருஷம் வாட்சை எதற்கு அழுத்தினான் என்பது மண்டையில் ஏறியது. யோசித்துப் பார்த்தால், படகுக்காரரிடம் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவனுக்கான பொய்யை நான்தான் இலவசமாகச் சொல்லியிருக்கிறேன்.

படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். நங்கூரம் போடவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உன் மாடு வழிய நல்லாத்தான் பாத்து வச்சிகினு போயிருக்குது."

அன்றைக்கு எனக்கு வாந்தி வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வெட்கமில்லாமல் மறுபடி போய் நின்றேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. போனை டிரம்மில் போட்டேன். அவர் இன்னும் கையை நீட்டியபடியே இருந்தார். என் கையில் இருந்தது என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். அதற்கு நேரம் காட்டவே முடியாது, இடத்தை எங்கே காட்டப்போகிறது. சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டு, கழற்றி அரிசிக்குள் போட்டேன்.

அன்று பழைய பார் பக்கம் போகாமல் அவர் படகை நிறுத்திய இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது மூன்று கெளுத்தி. அவருக்கு வேறு பார் ஏதாவது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.