ஊசி போடாத டாக்டரம்மா

யார் வீட்டுக்குப் போனாலும் சித்ரலேகா முதலில் எட்டிப் பார்ப்பது நாக்கையோ கண்ணையோ அல்ல, தண்ணீர்க் குடத்தை. "இது எங்கன உள்ள தண்ணி?" அப்புறம்தான் பேர், வயசு, காய்ச்சல், பேதி எல்லாம். வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு மொபெட்டில் வருவாள். அது இருமுகிற இருமலைக் கேட்டால், முதலில் அதற்கு வைத்தியம் பார்க்கலாமே என்று தோன்றும்.

அவள் படித்தது மருத்துவம் அல்ல. ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஊரில் ஒரு தெருவுக்கு மட்டும் ஏன் சீக்கு வருகிறது என்று துருவுகிற படிப்பு. அதற்கும் டாக்டர் பட்டம் தருகிறார்கள். கீழத்தெரு இசக்கியம்மாளுக்கு இது பிடிபடவே இல்லை. "ஊசி போட மாட்டிய, மாத்திரை தர மாட்டிய. கேள்வி கேக்கதுக்கு ஒரு டாக்டரா?"

வீட்டில் மரியாதை இன்னும் மோசம். "எம் மவ டாக்டருன்னு தெரியாம சொல்லிட்டேன்" என்று புலம்புவார் அப்பா சிவசைலம். "ஒடனே ஒருத்தன் முதுவுல கட்டின்னு சட்டையக் கழத்துதான்."

கோபம் வந்தால் சித்ரலேகா கத்த மாட்டாள். புளிப்பு மிட்டாயைக் கடித்து நொறுக்குவாள். கடக் கடக் என்று சத்தம் கேட்டால் அலுவலகத்து பியூன் எலியேசர் டீ வாங்குகிற சாக்கில் நழுவிவிடுவார். தொண்ணூற்றாறாம் வருஷத்து மழைக்காலத்திலிருந்து அவள் பையில் மிட்டாய் தங்குவதே இல்லை.

அந்த மழையில்தான் கீழத்தெருவில் மஞ்சள்காமாலை புகுந்தது. இசக்கியம்மாளின் மகள் தேன்மொழி வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். மேலத்தெருவில் ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்ரலேகா ஆற்றோரமாகவே நடந்து பார்த்தாள். மேலப் படித்துறை. அதைத் தாண்டி, மேலத்தெருச் சாக்கடை ஆற்றில் விழுகிற இடம். அதற்கும் கீழே, கீழத்தெருக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கோருகிற படித்துறை. மேலப் படித்துறையில் அவர்கள் இறங்கக் கூடாது. பலகை ஒன்றும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு மட்டும்தான் தெரியாது.

இதைத்தான் அவள் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்க வந்த அதிகாரி பரமசிவன் கீழத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "நோய்க்குக் காரணம் மக்களோட பழக்கவழக்கம்" என்று முடித்தார். "தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க."

"வெறகு ஆரு தருவா அய்யா?" என்றாள் இசக்கியம்மாள்.

மிட்டாய் நொறுங்கியது. "பழக்கம் இவங்களோடது சார். வழக்கம் யாரோடது?"

"அது ஊர் விஷயம்மா. நீங்க தண்ணிய மட்டும் எழுதுங்க."

அவருடைய ஜீப் கிளப்பிய புழுதி அடங்கவில்லை. இசக்கியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "மேலப் படித்துறைல எறங்கப் போறேன். வாரியளா? இல்ல, இங்கன இருந்து கேள்வி கேப்பியளா?"

சித்ரலேகா கூடவே நடந்தாள். மேலப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "ஏட்டி, நில்லு அங்கன!" மேலத்தெருப் பெரியவர் தாணுமாலையன் குரலுக்கு இசக்கியம்மாள் தண்ணீருக்கு முந்தின படியில் நின்றாள். அவர் சித்ரலேகாவைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு சிரித்தார்.

"நீ நம்ம சிவசைலம் அண்ணாச்சி மவள்லா? ஒனக்கென்ன தாயி, தாராளமா எறங்கு. அவ கொடத்த வாங்கி நீயே கோரிக் குடுத்திரு. ஒரு கொறையும் இல்ல."

சித்ரலேகா இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, திரும்பி, மேலே கையை நீட்டினாள். தாணுமாலையன் திருப்தியாகத் தலையாட்டினார். இசக்கியம்மாள் உதட்டைக் கடித்தபடி குடத்தை நீட்டினாள்.

சித்ரலேகாவின் விரல்கள் குடத்தைத் தாண்டிப் போய் இசக்கியம்மாளின் மணிக்கட்டைப் பற்றின.