நாலாவது புகைபோக்கி

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை. வீட்டுக்காரச் சீனரோடு தலையாட்டலோடு சரி. வேலையிடத்தில் மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசியது காலையில் கிள்ளான் பஸ்ஸில் வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும்தான்.

பேச்சுத்துணை ஒரு பினாங்குக்காரர். ஐம்பதைத் தாண்டிய குமாஸ்தா. முன்னதாகவே ஏறி, பக்கத்து சீட்டில் பேப்பரைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். நாளுக்கு ஒரு கேள்வி கேட்பார், எல்லாம் கப்பல்களைப் பற்றி. குவாந்தான் கடலில் ஜப்பான்காரன் மூழ்கடித்த இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் முதலில் போனது எது? நான் ஏதாவது உளறுவேன். விடையை மறுநாள் காலையில்தான் சொல்வார். அந்த விடைக்காகவே எத்தனையோ நாள் சோம்பலை உதறி எழுந்திருக்கிறேன்.

தோற்றுத் தோற்றுக் கடுப்பாகி, பழைய புத்தகக் கடையில் கப்பல் புத்தகம் ஒன்று வாங்கி அரைகுறையாகப் படித்தேன்.

“மொத உலகப் போர்ல எம்டன் கப்பல் பினாங்குக்குள்ள பூந்துச்சே, அப்ப அதுல எத்தனை புகைபோக்கி?” என்றார் ஒருநாள்.

“மூணு!” என்றேன், மனிதர் மாட்டினார் என்ற குஷியில்.

“எங்கப்பா துறைமுக ஜெட்டியில நின்னு எண்ணினாரு தம்பி. நாலு.”

“புக்குலயே போட்டிருக்கு அண்ணே. உங்கப்பாவுக்குக் கண்ணு அவுட்டு லா!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். முன் சீட்டில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கும் வீம்பு, பின்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. சில நாள் ராத்திரி படுக்கும்போதுதான் உறைக்கும், காலையிலிருந்து ஒருவரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று.

பொழுது போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே புத்தகத்தின் மிச்சத்தையும் படித்தேன். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதான். ஆனால் பிரிட்டிஷ் கப்பல் என்று ஏமாற்ற, நாலாவதாகப் போலி ஒன்றை நிறுத்திக்கொண்டு பினாங்குக்குள் நுழைந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கள்கிழமை நேராக அவர் சீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, நாலுதான். ஒண்ணு டூப்பு. உங்கப்பா சரியாத்தான் பார்த்திருக்காரு.”

“தெரியும் தம்பி. மறுநாள் அதைச் சொல்லத்தான் இருந்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவரு சாகுற வரைக்கும், நாலுன்னு எண்ணினதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டேன்.”