எங்கள் வீட்டு ரெண்டு ஓட்டு

தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிற ஒலிப்புத்தகங்களில் எல்லாத் தலைவர்களும் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். எழுந்ததும் தியானம், அப்புறம் உடற்பயிற்சி, அப்புறம் அன்றைய வேலைகளைத் திட்டமிடுதல். அந்த நேரத்தில் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யார் என்று ஒரு புத்தகத்திலும் சொல்வதில்லை. கோவில்பட்டியில் ஒரு கட்சிக்காரருக்குக் கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன் எழுந்து காப்பி போட்டவள் நான். எனக்கு இந்தக் கேள்வி வராமல் யாருக்கு வரும்?

நானாக விரும்பி இந்தப் புத்தகங்களைக் கேட்க ஆரம்பிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பஜாரில் விதையும் உரமும் விற்கிற கடை வைத்திருந்தார். கடை அவருக்குப் பொழுதுபோக்கு, கட்சிதான் தொழில். போன ஐப்பசியில், கரிசல் காட்டில் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும் என்று சம்சாரிகள் கடையில் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரத்தில், உளுந்து மூட்டையின் மேலேயே சரிந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு போய்விட்டது.

எத்தனையோ தெருமுனைக் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. வார்த்தைதான் வரவில்லை. என்னை அவர் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும் என்றிருந்தது. ஊர் பார்க்க, பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டாலும் சரி.

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா, “அவியளுக்கு எது உசுரோ அதக் காதுல போட்டுக்கிட்டே இருங்கம்மா” என்றார். ஓசூரில் இருக்கிற என் மகள் வந்து கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். “அம்மா, இதுல அரசியல், சமூகம், தலைமைன்னு தனியாவே ஒரு பிரிவு இருக்கு. அப்பாவுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு” என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் அவருடைய தலைவரின் வாழ்க்கை வரலாற்றைத்தான் போட்டேன். வாசித்தவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவரைப் போல வாசித்தார். தலைவர் சிறைக்குப் போவதும் ரயில் தாமதமாக வருவதும் அவருக்கு ஒன்றுதான். தெரியாமல் என் விரல் எங்கேயோ பட்டு வேகம் கூடிவிட்டது. தலைவர் மிளகாய் ஏலம் விடுகிறவரைப் போலக் கொள்கை விளக்கம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தெரிந்த கதையை, தெரிந்த இடத்தில் கைதட்டிக் கேட்டவர். தட்டுகிற கை இப்போது எழும்பவில்லை. அப்புறம் தூங்காமல் என்ன செய்வார்?

அவர் தூங்கினாலும் நான் நிறுத்தவில்லை. காய் நறுக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்க எனக்கும் அபிப்பிராயங்கள் முளைத்துவிட்டன. சமூகம் பற்றிய புத்தகம் ஒன்றில், வறண்ட பூமிப் பெண்கள் தங்கள் சுமைகளை மௌனமாகத் தாங்குகிறார்கள் என்று வந்தது. எனக்குப் பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். மிளகாய்ப் பழம் பறிக்கிற காட்டில் ஒரே ஒரு நாள் வந்து நின்றிருந்தால் அந்த மனிதர் மௌனம் என்று எழுதியிருக்க மாட்டார். காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்.

தலைவர்களின் வரலாறுகளில் இன்னொரு சங்கதி. தலைவர் எந்தக் கூட்டத்தில் எந்தத் துண்டு போட்டிருந்தார் என்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. ‘இல்லறத்தில் இணைந்தார்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் உள்ளே போன பெண் அப்புறம் வெளியே வருவதே இல்லை. தலைவர் வெள்ளை வேட்டியோடு ஊர் ஊராகப் போனார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் ஓட்டுக் கேட்டுப் போய்விட்டு வருகிற வேட்டியைத் துவைத்துப் பார்த்தவளிடம் ஒரு அத்தியாயம் கேட்டு எழுதியிருக்கலாம். செருப்பில் அப்பிய மண்ணைச் சுரண்டி எடுக்கவே தனியாக ஒரு குச்சி வைத்திருந்தேன்.

திருப்பம் ஒரு மத்தியானம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். ஓடிக்கொண்டிருந்த புத்தகம் முடிந்ததும் செயலி தானாகவே அடுத்ததற்குத் தாவிவிட்டது. தாவியது எதிர்க்கட்சித் தலைவரின் வரலாற்றுக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கட்சியின் பெயரைச் சொல்வது கிடையாது. ‘அவனுக’ என்றால் அவர்கள்தான். புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஏழை எளியவர்களுக்காகவே அந்தத் தலைவர் வாழ்ந்தார் என்று ஒரு பெண் குரல் உருகி உருகி வாசித்தது. அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

“பொய்!”

புளிக் கையோடு ஓடினேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. இடது கையால் ஒலிபெருக்கியைச் சுட்டிக்காட்டி இன்னொரு தடவை, “பொய்!” என்றார். நான் அவர் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சட்டையெல்லாம் புளி.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் ஒரே சந்தோசம். “கோவத்துல வார சொல்லுதாம்மா முதல்ல வரும். அதப் புடிச்சுத்தான் மத்த சொல்லுக்குப் போகணும். விட்டுராதீங்க” என்றார். நான் விடுவேனா? எதிர்க்கட்சிப் புத்தகங்களாகத் தேடித் தேடிப் போட்டேன். அவர்களின் ஆட்சிச் சாதனை, அவர்களின் போராட்ட வரலாறு, அவர்களின் தலைவர் சிறு வயதில் குளத்தில் நீந்திய கதை, ஒன்றையும் விடவில்லை. ‘பொய்’ வந்த வழியாகவே ‘திருடன்’ வந்தது. அப்புறம் ‘ஏய்’, அப்புறம் ‘போடா’. நல்ல வார்த்தை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு எல்லாமே தேவாரம் மாதிரி கேட்டது.

அவரோடு கட்சியில் இருந்த பலசரக்குக் கடைக்காரர் ஒரு நாள் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன மதினி, அண்ணாச்சி இருக்கிற வீட்டுல இவன் கதையா ஓடுது?”

“மருந்து அண்ணாச்சி. கசக்கத்தான் செய்யும்” என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். சொல்லி வைத்ததுபோல் இவர், “போடா!” என்றார். வந்தவர் ஒரு நொடி முழித்தார். அது தனக்கில்லை, ஒலிபெருக்கிக்கு என்று புரிந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அவனுக மாநாட்டு வரலாறு ஒண்ணு இருக்காம் மதினி. இதவிட மோசமா இருக்குமாம். அதப் போட்டுப் பாருங்க” என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு நடந்தும் என் மனசில் ஒரு குறை உட்கார்ந்திருந்தது. புத்தகத்தோடு சண்டை போட அவருக்கு வார்த்தை இருந்தது. எனக்குத் தலையாட்டல்தான். காப்பி வேண்டுமா என்றால் ஒரு ஆட்டு, கால் வலிக்கிறதா என்றால் ஒரு ஆட்டு. முகம் தெரியாத ஒரு பெண் எங்கேயோ உட்கார்ந்து வாசித்ததற்கு வாய் திறக்கிறவர், பக்கத்தில் நின்று கால் பிடித்துவிடுகிறவளிடம் திறக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் அதுதான் உண்மை. சில நாள் மிக்ஸியை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறேன்.

அந்த நாட்களில் தலைமை பற்றிய புத்தகம் ஒன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ மொழிபெயர்த்தது. வாக்கியங்கள் எல்லாம் கடன் வாங்கிய சட்டை போட்டுக்கொண்டு நின்றன. உங்களோடு முரண்படுகிறவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு இடம் வந்தது. மொத்தப் புத்தகத்திலும் நான் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. இவருக்கு வேண்டியது சண்டைக்கு ஆள். நானோ அவர் விழுந்த நாளிலிருந்து குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் எப்படி வார்த்தை வரும்?

சண்டைக்கு என்னிடம் ஒரு பொருள் இருந்தது.

மறுநாள் காலையில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இங்க பாருங்க. நான் ஒண்ணு சொல்லப் போறேன். நல்லாக் கோவப்படணும், சரியா?”

தலையை ஆட்டினார்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிச்ச அன்னைக்கு, அப்படியே போட்டுட்டு எட்டயபுரத்துக்குக் கூட்டத்துக்குப் போனீங்கல்லா? அந்த வருசத்துல இருந்து நான் ஒங்க சின்னத்துக்கு ஓட்டுப் போடல. ஒரு தேர்தல்லயும் போடல. அவனுகளுக்குத்தான் போட்டேன்.”

நடந்தது அதுதான். அப்போது பொத்தான் கிடையாது, சீட்டில் முத்திரை குத்த வேண்டும். முதல் தடவை கோபத்தில் குத்தினேன். அடுத்த தடவை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர்கள் அவர்கள்தான் என்று யோசித்துக் குத்தினேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. என் ஓட்டு என்னுடையது. ஆனால் விடிந்ததிலிருந்து வாக்குச்சாவடிக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டு, குரல் கம்மி, கண் எரிந்து இவர் வீட்டுக்கு வரும்போது பாவமாக இருக்கும்.

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பொய்’ என்று சொல்லட்டும், ‘திருடி’ என்று திட்டட்டும், எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் உதடு கோணியது, நடுங்கியது. நெற்றி நரம்பு புடைத்தது.

“தெரியும்” என்றார்.

நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்து, “எப்படி?” என்று கேட்டேன்.

இடது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். வார்த்தை பாதியில் நின்றது. திரும்பவும் முயன்றார்.

“உளு... உளுந்து.”

ஒவ்வொரு தேர்தல் நாள் சாயங்காலமும் அவருக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைப்பேன். அந்தப் பாவத்துக்குத்தான். அவருக்கு உசுரான சாப்பாடு அது. மற்ற நாளில் கெஞ்சிக் கேட்டாலும், தொலி உளுந்து வறுக்க நேரமில்லை என்று சொல்லிவிடுவேன். சப்புக்கொட்டிச் சாப்பிடுவார், ஒரு கேள்வி கேட்டதில்லை.

எனக்கு அதற்குமேல்தான் ஒன்று நினைவு வந்தது. தெருவில் எந்த வீட்டு ஓட்டு எங்கே விழும் என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கட்சியில் அவருடைய மரியாதையே அதுதான். ஓட்டுப் பதிவு முடிந்த ராத்திரி எங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வருவார். நான் உள்ளே சோறு எடுத்து வைத்துக்கொண்டே கேட்பேன். யாருக்கும் தயவு பார்க்க மாட்டார், சொந்தத் தம்பி வீட்டைக்கூட ‘அது அவனுகளுக்குத்தான்’ என்பார். எங்கள் வீடு வரும்போது மட்டும் சத்தமாக, “நம்ம வீட்டுல ரெண்டு ஓட்டு, ரெண்டும் நமக்குத்தான்” என்பார். ஏமாளி மனுசன் என்று அடுப்படியில் நின்று நினைத்துக்கொள்வேன். இத்தனை தேர்தலிலும் அவர் தெரிந்தே சொன்ன ஒரு தப்புக் கணக்கு அதுதான். எனக்காகச் சொன்னது. ஒரு தடவையாவது என்னிடம் குத்திக்காட்டியிருக்கலாம், செய்யவில்லை.

அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஒலிபெருக்கியில் எதிர்க்கட்சித் தலைவரை ஓடவிட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குத் தேர்தல் ஒன்றும் இல்லை. வாணலியை வைத்துத் தொலி உளுந்தை வறுக்கப் போட்டேன். கண் கலங்கியதில் உளுந்து சிவந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

உள்ளே அந்தப் பெண் குரல், கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன கதையை வாசித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி!”

கரண்டியைப் போட்டது தெரியும், ஓடியது தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து ஒலிபெருக்கியைக் காட்டினார்.

“ஏட்டி... பொய்... சொல்லுதான்.”

வாசித்துக்கொண்டிருந்தது எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் குழாய்ச் சங்கதிதான். அந்தக் குழாயில்தான் இன்றைக்கும் காலையில் நான் தண்ணீர் பிடித்தேன். பின்னால் உளுந்து தீய்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. நான் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமா, பொய்தான் சொல்லுதான்” என்றேன்.