பதினான்கு வீட்டிலும் சொன்னது

கோகிலவாணி போளூர்ப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு கலைவிழாவுக்கு ஒன்பதாம் வகுப்பை வைத்து நாடகம் போட நினைத்தாள். ஏரிக்கரை உடைந்தபோது காக்கப் போன மகனைத் தேடும் தாயின் கதை. கீழே ஊரில் அவள் பார்த்து வளர்ந்த தெருக்கூத்தும், மேலே மலையில் பிள்ளைகள் ஆடும் வட்ட ஆட்டமும், இழவு வீட்டு ஒப்பாரியும் அதில் ஒன்றுசேர வேண்டும். நான்கு மாதம் அலைந்தாள். செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கூத்துக்காரரிடம், திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளியே வரும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். மலையூர்களில் ஆட்டத்தைப் போனில் பதிவுசெய்தாள். ஆறு பெண்களிடம் ஒப்பாரி வரிகளைச் சேகரித்தாள்.

பிறகு எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினாள். பி.எட். படித்தபோது பாடக்குறிப்பில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். அந்தப் பயம் இன்னும் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் கடைசிக் கட்டத்தில் ‘வீட்டில் பயிற்சி செய்யவும்’ என்று எழுதினாள். ஒப்பாரிக்கும் அதையே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, காலாண்டு விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.

ஒப்பாரி கல்பனாவின் பங்கு. அவள் அப்பா விஜயராஜ் ஆந்திரப் பக்கம் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா மாதம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் கோகிலவாணிக்குத் தெரியும். கல்பனாவின் குரலுக்காகத்தான் கொடுத்தோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். குரலுக்காக மட்டும்தானா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்தும் கல்பனா வரவில்லை. மூன்றாம் நாள் மாதம்மாள் வந்தாள். ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை.

“இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க எம்பொண்ணுக்கு?”

கோகிலவாணி எழுந்து நின்றாள்.

“நான் கொல்லையில களை புடுங்கினு இருந்தேன். இவ வூட்டுக்குள்ள உக்காந்து பேப்பரப் பாத்து ஒப்பாரி பாடியிருக்கா. நான் வந்து பாத்தா வாசல்ல ஊரே நிக்குது. எல்லாரும் எம்மூஞ்சியப் பாக்கறாங்க. எனக்குத் தெரியாமலே எம்புருஷன் செத்துப் போயிருக்காரு டீச்சர்.”

யாரோ செங்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் சிங்காரத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடித்துணி கொண்டுவர வேண்டும். சிங்காரம் மத்தியானப் பஸ்ஸிலேயே புடவையோடு வந்து இறங்கிவிட்டார்.

“விஷயம் தெரிஞ்சதும் எங்கண்ணன், ‘மச்சானுக்கு ஆயுசு கெட்டி, கோடியவே திருப்பி அனுப்பிட்டான்’னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வேற இன்னா பண்றது? புடவைய இங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு.”

“தப்பு என்னோடதுதாங்க்கா.”

“அது இருக்கட்டும். இப்ப எல்லாரும் அவர இல்லாதவராவே பேசறாங்க. அது நாடகப் பாட்டுன்னு நான் சொன்னா, பாவம் மனசு கேக்காம சொல்றான்னு பாக்கறாங்க. நீங்க வந்து வூடு வூடா சொல்லுங்க. சொன்னாதான் புள்ளைய அனுப்புவேன்.”

சனிக்கிழமை கோகிலவாணி போனாள். பதினான்கு வீடுகள். மாதம்மாள் பத்தடி பின்னால் வந்தாள். கூத்தைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது முதல் வாசலிலேயே மறந்துபோனது. “அது பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் எழுதிக் குடுத்த பாட்டுங்க” என்று மட்டும் சொல்ல வந்தது.

ஒருத்தி சிரித்தாள். “எங்க வூட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா பாடறதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க டீச்சர்.”

ஐந்தாறு வீடு தாண்டியதும் பேச்சில் இன்னொரு வரியும் தானாகச் சேர்ந்துகொண்டது. “கல்பனாவோட அப்பா நல்லா இருக்காருங்க.” அதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் தெளிந்தது. பின்னால் நின்ற மாதம்மாளும் ஒவ்வொரு முறையும் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அதனால் நிறுத்தவும் முடியவில்லை.

கடைசி வீடு விஜயராஜின் அக்கா ரஞ்சிதத்துடையது. அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை. பிறகு நின்றது.

“நல்லா இருக்கான்றியே. நீ பாத்தியா?”

கோகிலவாணி திரும்பி மாதம்மாளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்பனாவின் படிப்பு இந்தப் பதிலில் நிற்கிறது என்று கோகிலவாணிக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

“பாக்கலைங்க. பாட்டு நாடகத்துக்குன்றது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவரு எங்க இருக்காருன்னு தெரியாது. நல்லா இருக்காருன்னு சொன்னது தப்பு.”

ரஞ்சிதம் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வருவான் வருவான்னுதான் எல்லாரும் சொன்னாங்க,” என்றாள் ரஞ்சிதம். “தெரியாதுன்னு நீ ஒருத்திதான் சொல்றே.”

மாதம்மாள் வந்து ரஞ்சிதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“திங்கக்கிழமை வருவா டீச்சர். அழுவற பாட்டு மட்டும் வேணாம்.”